முப்பத்தொண்ணு புள்ளி ஆறு மடங்கு

மிதிச்சிட்டேனா தம்பி? இல்லையே? கால்ல கட்டுப் போட்டிருக்கீங்கன்னு இப்பத்தான் பாக்குறேன். உள்ள தள்ளி வச்சிக்கோங்க. இந்த பஸ்ஸுல ஏறுறவன் எவனும் கீழ பாத்து ஏற மாட்டான். ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வேணாம். வெயில் வரும்.

என்ன புண்ணு? சேத்துப்புண்ணா? நீர் வடியுதா? வடியும், வடியும். கையில என்ன, ஆஸ்பத்திரி சீட்டா? குடுங்க பாப்போம். கண்ணாடி இல்லாமலே படிச்சிருவேன்.

ம். பர்மாங்கனேட் மாத்திரை. ஒரு மாத்திரைக்கு நாலு லிட்டர் தண்ணி. பத்து நிமிஷம். "வெளிறிய ரோஸ் நிறம் மட்டும்." மட்டும்ங்கிறதுக்கு அடியில ரெண்டு கோடு வேற. அஞ்சு நாள்தான், அப்புறம் வந்து காட்டணும். இதைத்தான் எல்லாருக்கும் எழுதுறாங்க. ஆளு யாரு, படிச்சவனா படிக்காதவனா, ஒண்ணும் பாக்கிறது இல்ல. நாலு லிட்டர், பத்து நிமிஷம், போ. இந்தாங்க, மடிச்சு வச்சிக்கோங்க.

சிரிக்கிறேன்னு தப்பா நினைக்காதீங்க. பர்மாங்கனேட்டைப் பத்தி எனக்கே ஒருத்தி பாடம் எடுத்தா பாருங்க, அதை நினைச்சுச் சிரிக்கிறேன். என் பேரு சபாரத்தினம். ஊரு திருப்புவனம் பக்கம். முப்பத்திரண்டு வருஷம் மேல்நிலைப் பள்ளியில கெமிஸ்ட்ரி லேப்பைப் பாத்தவன். வாத்தியார் இல்ல. லேப் அசிஸ்டென்ட். ஆனா வாத்தியாரு வருவாரு, மாறுதல் வாங்கிட்டுப் போவாரு. பதினோரு பேரு வந்து போயிட்டாங்க. லேப் என்னைக்கும் என் கையிலதான். எங்க தெருவுல இன்னைக்கும் என்னை சார்னுதான் கூப்பிடுவாங்க. நான் கூப்பிடச் சொல்றதில்ல. தானா வருது.

பர்மாங்கனேட்டுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? ப்ளஸ் டூ பிராக்டிகல்ல அதுதான் ராஜா. மேல கண்ணாடிக் குழாயில ஊதாவா நிக்கும். கீழ குடுவையில ஆசிட்டு, தண்ணி மாதிரி. குழாயைத் திருகி ஒவ்வொரு சொட்டா விடணும். விழுந்த சொட்டு நிறமில்லாமப் போயிரும். விட்டுக்கிட்டே இருக்கணும். எந்தச் சொட்டுல லேசா ரோஸ் தட்டி அது போகாம நிக்குதோ, அங்க கைய எடுத்திரணும். ஒரு சொட்டு கூடுனாலும் கணக்குத் தப்பு. பயலுக கேக்க மாட்டானுங்க. கலர் நல்லா வரட்டும் சார்னு திருகிக்கிட்டே இருப்பானுங்க. நான் தொண்டை கிழியக் கத்துவேன்: டேய், ரோஸ் வந்தாச்சுல்ல, கைய எடுடா, இதுக்கு மேல விடுறவன் மடையன்டா.

அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து ஒரு புள்ள சொல்லுது, மருந்தை எப்பிடிக் கரைக்கணும்னு.

எனக்கு இல்ல தம்பி, எனக்கு ஒண்ணுமில்ல. என் சம்சாரத்துக்கு. மங்கையர்க்கரசின்னு பேரு, மங்கைன்னு கூப்பிடுவோம். சத்துணவுக் கூடத்துல இருபத்தி நாலு வருஷம் சமைச்சா. நூத்தம்பது பிள்ளைகளுக்கு. நின்னபடியே. அதனால காலு ரெண்டுலயும் நரம்பு சுருட்டிக்கிச்சு. இடது கால்ல கணுக்காலுக்கு மேல ஒரு புண்ணு வந்து, சுத்தி அரிப்பெடுத்து, தோலு ஊறிப்போயி நீரா வடிய ஆரம்பிச்சுது. மாசி மாசம். பாவாடை நுனி எப்பவும் ஈரம். எங்களுக்குப் பிள்ளைங்க கிடையாது. நான்தான் பாக்கணும். பாத்தேன். பாக்கலைன்னு யாரும் சொல்லிற முடியாது.

சித்திரை கடைசியில சுகாதார நிலையத்துல இருந்து அந்த நர்ஸ் வந்தா. சகாயராணின்னு பேரு. வயசு இருபத்தஞ்சு இருக்குமா, அவ்வளவுதான். ஸ்கூட்டியில வந்து எறங்கி, "ஐயா, அம்மா இருக்காங்களா"ன்னு கேக்குறா. ஐயாவாம். சரி, சின்னப் புள்ள, விட்டுட்டேன். கால பாத்தா, மோந்து பாத்தா, டாக்டர்கிட்ட போன்ல பேசுனா. அப்புறம் அட்டையில பத்து மாத்திரை குடுத்துட்டு ஆரம்பிச்சா பாருங்க பாடம்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்கோங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும், சூடா இருக்கக் கூடாது. மாத்திரை முழுக்கக் கரையணும், ஒரு துணுக்குகூட அடியில கெடக்கக் கூடாது, அது தோலுல பட்டா வெந்திரும். வெளிறிய ரோஸ்தான் இருக்கணும். ஊதாவாத் தெரிஞ்சா கீழ ஊத்திட்டு மறுபடி கரைங்க. நகத்துல வாசலின் தடவிக்கோங்க, இல்லேன்னா கறையாகும். பத்து நிமிஷம், எடுத்து ஒத்தி ஒத்தித் துடைங்க, தேய்க்காதீங்க. அன்னன்னைக்குப் புதுசாக் கரைக்கணும். நீர் வடியிறது நின்னதும் நிறுத்திரணும். அம்மா எரியுதுன்னு சொன்னா உடனே எடுத்துட்டு நல்ல தண்ணியில கழுவிட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

நான் பேசாமக் கேட்டுக்கிட்டேன். கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ஏம்மா, நாலு லிட்டர்ல ஒரு மாத்திரைன்னா என்ன செறிவு வருது, தெரியுமா?"

"அதெல்லாம் தெரியாதுய்யா. ரோஸ் கலர் வந்தா சரி"ங்கிறா.

இதுதான் தம்பி படிப்பு. கலர் வந்தா சரியாம். நானூறு மில்லிகிராம், நாலு லிட்டர், அப்போ ஒரு லிட்டருக்குப் புள்ளி ஒண்ணு கிராம். பத்தாயிரத்துல ஒரு பங்கு. மனக்கணக்கு. அதுகூடத் தெரியாம ஊசி கையில எடுத்துட்டு வந்துடுறாங்க.

அவ சொன்ன மாதிரி ஒரு நாள் பண்ணிப் பாத்தேன். பண்ணலைன்னு சொல்லக் கூடாதுல்ல. தண்ணியப் பாத்தா எனக்கே வெக்கமா இருந்தது. தேர்த்திருவிழாவுல கலருன்னு ஒண்ணு விப்பானே, அதுலகூட இதைவிடக் கலர் இருக்கும். இது கிருமியக் கொல்லுமா? கிருமி இதுல நீச்சல் அடிச்சுட்டுப் போகும். மங்கை கால வச்சிக்கிட்டு, "இதமா இருக்குங்க"ங்கிறா. இதமா இருக்கிறதுக்கா மருந்து? இதமா இருக்கணும்னா வெந்நீர் போதுமே, நான் எதுக்கு, கவர்மெண்ட் எதுக்கு.

பீரோவுக்குப் பின்னால ஒரு பிரவுன் பாட்டில் இருந்தது. பர்மாங்கனேட் கல்லு, பாதி பாட்டில். ஓய்வு பெறுறப்ப லேப்ல சும்மாக் கெடந்ததுன்னு எடுத்துட்டு வந்தது. புதுசா வந்த பையனுக்கு அதோட அருமை தெரியாது. சின்னத் தராசு ஒண்ணும் இருந்தது, அதுவும் அங்க சும்மாக் கெடந்ததுதான். உக்காந்து நிறுத்தேன். டெசிநார்மல் கரைசல் போட்டேன். லேப்புல வாடிக்கையா நாங்க வைக்கிற அளவு அதுதான். லிட்டருக்கு மூணு கிராமுக்குக் கொஞ்சம் மேல. கண்ணாலப் பாத்து ரோஸு, ஊதாங்கிற வேலையெல்லாம் இல்ல. தராசுல நிறுத்த அளவு. எவனும் கேள்வி கேக்க முடியாது.

பேசின்ல ஊத்துனேன். என்னா கலருங்கிறீங்க! கத்திரிக்காய்த் தோலு மாதிரி, அடி தெரியாது. தண்ணியும் சுடத்தான் வச்சேன். சூடு ஏறுனா வேகமா வேலை செய்யும், அது கெமிஸ்ட்ரி. என் கைய வச்சுப் பாத்தேன், சுடல. முப்பது வருஷம் பர்னர்ல இருந்து பீக்கர வெறுங்கையால எறக்குன கை இது, அதுக்கு என்ன சுடும். பத்து நிமிஷம்லாம் காணாது, முக்கால் மணி நேரம் வச்சேன். காலையில ஒரு தடவ, சாயந்தரம் ஒரு தடவ.

முதல் நாள் கால வச்சதும் எடுத்துட்டா.

"எரியுதுங்க."

"எரியும். ஆக்சிடேஷன் நடக்குதுல்ல. வை."

"இல்லங்க, அந்தப் புள்ள எரிஞ்சா எடுக்கச் சொல்லுச்சு."

"அந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். வை கால."

வச்சா. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன் தம்பி. எந்திரிச்சே போகல. எத்தனை புருஷன் உக்காருவான்? பேப்பரை எடுத்துச் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன், அவளுக்குப் பொழுது போகணும்ல.

ரெண்டாம் நாளும் எரியுதுன்னா. மூணாம் நாளும் எரியுதுன்னா. வலிக்குதுன்னும் சொன்னா. "ரெண்டு நாளாக் காலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க, ஒரு தடவ அந்தப் புள்ளைக்குப் போன் போடுங்களேன்." நான் போடல. எதுக்குப் போடணும்? போட்டா என்ன சொல்லுவா? ரோஸ் கலர்னு சொல்லுவா.

அஞ்சாம் நாள் பாருங்க, எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லல. கால வச்சா, முந்தானையச் சுருட்டிப் பல்லுல கடிச்சிக்கிட்டு டிவியப் பாத்துக்கிட்டிருந்தா. நான் சொன்னேன், "பாத்தியா? பழகிருச்சு. கிருமி சாகச் சாக எரிச்சல் கொறஞ்சிரும்." சீரியல் பாக்குறப்ப அவ யார்கிட்டயும் பேச மாட்டா. அன்னைக்கு கரண்ட் வேற இல்ல, டிவி ஓடல. ஆனாலும் அங்கதான் பாத்துக்கிட்டிருந்தா.

அடியில ஒண்ணு ரெண்டு கல்லு கரையாமக் கெடந்திருக்கு. அது என் தப்புன்னு வேணா வச்சிக்கோங்க. லேப்புல கலக்குறதுக்குக் கண்ணாடிக் கம்பி உண்டு. வீட்டுல எங்க போறது? கரண்டிக் காம்பால கலக்குனேன். அந்தக் கலருல அடி எங்க தெரியுது. கால் விரல் இடுக்குல அந்தக் கல்லு போயி உக்காந்திருக்கு.

எட்டாம் நாள் அந்த சகாயராணி வந்துட்டா. கூப்பிடாமலே வந்தா. மங்கை காலு பேசின்ல இருந்தது. உள்ள வந்தவ பேசினைப் பாத்ததும் பையக் கீழ போட்டுட்டா தம்பி. "அய்யோ அம்மா"ன்னா. குனிஞ்சு ரெண்டு கையாலயும் கால வெளிய எடுத்தா. கெண்டைக்கால் வரைக்கும் பழுப்பேறி இருந்தது, வாழைக்கறை மாதிரி. கறைதானே, பத்து நாள்ல போயிரும். ஆனா அவ ஒரு வாளி நல்ல தண்ணி கொண்டாந்து மேல ஊத்தி ஊத்திக் கழுவுனதும், அந்தக் கறைக்கு அடியில இருந்து தோலு அப்பிடியே கழண்டு வந்துச்சு. புண்ணுக்கு ஓரத்துல எல்லாம் கருத்துப் போயி கெடந்தது. விரலுக்கு இடையில குழி குழியா.

"யாரும்மா இப்பிடிக் கரைச்சது?"

மங்கை என்னைக் காட்டவே இல்ல. அது அவ குணம். நானாத்தான் சொன்னேன். "நான்தாம்மா. டெசிநார்மல்."

"ஐயா, உங்ககிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேய்யா."

"நீ சொன்ன தண்ணியில ஒரு எறும்புகூடச் சாகாது."

"எறும்பக் கொல்லவா குடுத்தேன்? இவங்க காலு உயிரோட இருக்கிற காலு. கிருமியக் கொல்ற மருந்து கூடுனா சதையையும் சேர்த்துத்தான் கொல்லும். அம்மா எரியுதுன்னு சொல்லவே இல்லையா?"

அப்பத்தான் மங்கை வாயத் தொறந்தா. என்னைப் பாக்கல. செவத்தப் பாத்துச் சொன்னா: "சொன்னேம்மா. சார் கேக்கல."

சார்னா. கல்யாணம் ஆகி முப்பத்தஞ்சு வருஷத்துல அன்னைக்குத்தான் என்னை சார்னு சொன்னா. மூணாவது மனுஷி முன்னால மரியாதையாச் சொல்றான்னுதான் நான் எடுத்துக்கிட்டேன். வேற எப்பிடி எடுத்துக்கிறது?

அந்த நர்ஸ் என்ன பண்ணா தெரியுமா? பேசினைத் தூக்கிக் கொண்டுபோயி சாக்கடையில கவுத்துட்டா. நிறுத்து நிறுத்து போட்ட கரைசல். அப்புறம் ஆம்புலன்சுக்குப் போன் போட்டா. நம்ம வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு, நம்மளக் கேக்காம.

பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர், அவரும் சின்னப் பையன்தான். தாடி வச்சிருந்தாரு. "எவ்வளவு போட்டீங்க பெரியவரே?"ன்னு கேட்டாரு. டெசிநார்மல்னு சொன்னேன். அவருக்குப் புரியல. எழுதிக் காட்டுனேன். போன எடுத்துத் தட்டித் தட்டிக் கணக்குப் போட்டுட்டு, நர்ஸுகிட்டத் திரும்பிச் சொல்றாரு, "ஏறக்குறைய முப்பது மடங்கு."

நான் சும்மா இருப்பனா? "முப்பத்தொண்ணு புள்ளி ஆறு"ன்னேன்.

அந்த வார்டே திரும்புச்சு. எட்டுக் கட்டில், கூட வந்தவங்க எல்லாரும் என்னைப் பாத்தாங்க. டாக்டர் பேனாவ மூடிட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "சரி பெரியவரே, முப்பத்தொண்ணு புள்ளி ஆறு. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னாரு. போனுல தட்டியும் தப்பு. நான் வாயாலச் சொல்றேன், சரியா இருக்கு. யாரு படிச்சவன், நீங்களே சொல்லுங்க.

செத்த தோலையெல்லாம் வெட்டி எடுத்தாங்க. பதினோரு நாள் இருந்தா. புண்ணு முதல்ல எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, இப்ப உள்ளங்கை அகலம். காலு போயிருமோன்னு ஒரு நாள் பேச்சு வந்துச்சு. இல்ல இல்ல, போகல. பேச்சுத்தான் வந்துச்சு. அன்னைக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல டீக்கடை பெஞ்சுல உக்காந்தேன், டீ ஆறிப் போச்சு, இன்னொண்ணு வாங்குனேன், அதுவும் ஆறிப் போச்சு. டீயா அது. வெந்நீர்.

வீட்டுக்கு வந்து அந்த பாட்டில எடுத்தேன். இவ்வளவு பேரு சொல்றாங்களே, பாத்துருவோம்னு அதே டெசிநார்மல் போட்டு என் இடது கால வச்சேன். முக்கால் மணி நேரம். கடிகாரத்தப் பாத்து. ஒண்ணும் ஆகலையே! பழுப்பாச்சு, அவ்வளவுதான். லேசாக் குறுகுறுத்தது. அப்போ கரைசல்ல என்ன தப்பு? என் கால்ல புண்ணு இல்லைங்கிறீங்களா? சரி, இல்ல. தோலு முழுசா இருக்குங்கிறீங்க. இருக்கட்டும். ஆனா ஒரு கால்ல ஒண்ணும் பண்ணாத கரைசல் இன்னொரு கால்ல மட்டும் எப்பிடிப் பண்ணும்? இதை நான் அந்த டாக்டர்கிட்டக் கேட்டிருக்கணும். போறப்ப அவரு டூட்டியில இல்ல.

கால மங்கைகிட்டக் காட்டுனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு வேட்டியத் தூக்கி, "பாரு, எனக்கு ஒண்ணும் ஆகல"ன்னேன். பாத்தா. கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம் போர்வைய இழுத்து முகத்த மூடிக்கிட்டா. தூக்கம் வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில இருந்து விடுறப்ப அவ தங்கச்சி வந்துட்டா, தெய்வானை. பார்த்திபனூர்ல தையல் கடை வச்சிருக்கா. எட்டாவதோட நின்னவ. "மச்சான், அக்கா கொஞ்ச நாள் என்கூட இருக்கட்டும்"னா. நான் எதுக்குன்னேன். அவ மங்கையைப் பாத்தா. மங்கை பைய எடுத்து மடியில வச்சிக்கிட்டா. பை ஏற்கெனவே கட்டியிருந்தது. சரின்னேன். ஒரு மாறுதலா இருக்கும். அது வைகாசியில. இப்ப ஆவணி.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை போய்ப் பாத்துட்டு வருவேன். அங்க நடக்கிற கூத்தப் பாக்கணும் நீங்க. ஆரம்பத்துல புண்ணச் சுத்தி இருக்கிற தோலுல மறுபடி நீர் வடியுதுன்னு, அதே ரோஸ் தண்ணிய மறுபடி எழுதிக் குடுத்திருக்காங்க. தெய்வானை செவத்துல சீட்ட ஒட்டி வச்சிருக்கா. அளவு போட்ட பிளாஸ்டிக் ஜாடியில நாலு லிட்டர். முழங்கையத் தண்ணியில வச்சு சூடு பாக்குறா, கைக்குழந்தையக் குளிப்பாட்டுற மாதிரி. மாத்திரையத் தனியா ஒரு டம்ளர்ல கரைச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, அடியில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகு ஊத்துறா. போன்ல பத்து நிமிஷம் வச்சா சேவல் கூவுது. சேவல் கூவுனா கால எடுக்கணும். அஞ்சு நாள் கூவுச்சு. ஆறாம் நாள் தண்ணி வடியலைன்னு நிறுத்திட்டாங்க. அட்டையில மாத்திரை மிச்சம் இருக்கு, நிறுத்திட்டாங்க!

அதுக்கப்புறம் மருந்தே கிடையாது தம்பி. வாரம் ஒரு தடவ போயி இறுக்கமா ஒரு கட்டு. படுக்கிறப்ப காலுக்கு அடியில ரெண்டு தலகாணி. இதுக்குப் பேரு வைத்தியம். இறுக்கிக் கட்டுனா ரத்தம் தேங்காதாம், புண்ணு தானா மூடுமாம். நான் தெய்வானைகிட்டச் சொன்னேன், "இதெல்லாம் குருட்டாம்போக்கு. அளவு என்ன, எவ்வளவு இறுக்கம், எவனாவது எழுதியிருக்கானா?" அவ தையல் மிஷினை மிதிக்கிறத நிறுத்தல. "ஆறுதுல்ல மச்சான்"னா.

ஆறுச்சு. ஆறலைன்னு நான் சொல்லல. உள்ளங்கை அகலம் இருந்தது ஆடிக்குள்ள ஒரு ரூவாக் காசு அளவாச்சு. அது எதனால? நான் எட்டு நாள் போட்டு உள்ள இருந்த கிருமிய எல்லாம் சுத்தமாக் கொன்னு வச்சிருந்தேன், அதனால. அடித்தளம் போட்டவன் ஒருத்தன், பேரு வாங்குறவன் ஒருத்தன்.

வீட்டுக்கு வான்னு மூணு தடவ கூப்பிட்டேன். முதல் தடவ, "கட்டுப் பிரிக்கட்டும்"னா. ரெண்டாம் தடவ, "தெய்வானைக்குத் தீபாவளித் தையல் வருது, கொக்கி வைக்க ஆளில்ல"ன்னா. மூணாம் தடவ, "சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டா. சாப்பிட்டேன்னேன். அவ்வளவுதான் பேச்சு. நானே சமைச்சுக்கிறேன். ஒரு ஆளுக்கு என்ன, ஒரு டம்ளர் அரிசி, ரெண்டு டம்ளர் தண்ணி. அளவுல எனக்கு என்னைக்கும் தப்பு வராது.

போன மாசம் கடைசிச் செவ்வாய்க்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்துல கேட்டா, ரெண்டு பேரும் சந்தைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னாங்க. எப்பிடின்னு கேட்டேன். "எப்பிடின்னா? நடந்துதான்"னாங்க.

நான் தெருமுனையில ஒரு சைக்கிள் கடை ஓரமா நின்னேன். வந்தா தம்பி. நடந்து வந்தா. மாசியில இருந்து அவ நடந்து நான் பாக்கல. வீட்டுக்குள்ள செவத்தப் பிடிச்சுப் பிடிச்சுப் போவாளே தவிர, நடைன்னு ஒண்ணு இல்ல. இப்பக் கையில காய்கறிப் பை, இன்னொரு கையில கீரைக்கட்டு. சாயாம நடந்தா. தெய்வானை ஏதோ சொல்லுறா, இவ அப்பிடியே நின்னு சிரிக்கிறா. நடுத்தெருவுல. வண்டிக்காரன் ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டே நிக்கிறான், இவ சிரிச்சு முடிச்சுட்டுத்தான் ஓரம் போறா. எங்க வீட்டுல அவ அப்பிடிச் சிரிச்சு... அதென்ன பெரிய சிரிப்பு. தங்கச்சி என்னத்தையாவது அச்சுப்பிச்சுன்னு சொல்லியிருப்பா.

போயிருக்கலாம். பத்து எட்டுல போயிருக்கலாம். ஆனா போயி என்ன சொல்றது? அந்தச் சிரிப்ப நிறுத்திட்டு, "சாப்பிட்டீங்களா"ன்னு கேப்பா. சைக்கிள் கடைக்காரன் வேற, யாரு வேணும் பெரியவரேன்னு கேட்டுட்டான். யாரும் வேணாம், பஸ்ஸுக்கு நிக்கிறேன்னு சொன்னேன். சொன்ன பிறகு பஸ்ஸுல ஏறித்தானே ஆகணும். ஏறிட்டேன்.

உங்க கால அப்பிடி ஆட்டாதீங்க தம்பி, கட்டு நழுவும். அந்தச் சீட்டுல இருக்கிற மாதிரியே பண்ணுங்க. எனக்காகச் சொல்லல. உங்களுக்கு நிறுக்கத் தராசு இருக்காது, கணக்கும் தெரியாது, அதனால ரோஸ் கலரோட நிறுத்திக்கிறதுதான் உங்களுக்கு நல்லது. வீட்டுல யாரு ஊத்திக் குடுப்பாங்க? சம்சாரமா? எரிஞ்சா சொல்லிருங்க. அவங்க கேப்பாங்க. பொம்பளைங்க கேப்பாங்க.

என்ன சொல்றான் கண்டக்டர்? பார்த்திபனூரா? அதுக்குள்ள வந்திருச்சா. இப்ப ரோடு போட்ட பிறகு ரொம்ப வேகம்.

இல்ல இல்ல, நீங்க எந்திரிக்க வேணாம். கால மடக்காதீங்க, உக்காருங்க, எனக்கு வழி விட வேணாம். நான் இங்க எறங்கல. டிக்கெட்டு பரமக்குடிக்குத்தான் எடுத்திருக்கேன். போன வாரமும் பரமக்குடிக்குத்தான் எடுத்தேன், அதுக்கு முந்துன வாரமும். அங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு டீ குடிச்சிட்டுத் திரும்புறது. வெந்நீர்தான், அங்கயும்.

அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் சாத்துறீங்களா தம்பி. தெருவுல இருந்து தூசி வருது.